இடது பக்கம் வரேன்

வெர்ன் டோலஃப்சனின் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்ட ஷூவைக் கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்து பார்த்து வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ரோட்டில் ஓடிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் சேறும் சகதியுமாகத் திருப்பித் தரலாம். வெர்ன் முகம் சுளிக்காமல் வாங்கிக் கழுவி, பாதி விலை அலமாரியில் வைத்துவிடுவான். ஊரில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த அலமாரியை நம்பித்தான் ஓடுகிறார்கள்.

லோர்னா ஹெய்க்கினன் அன்று போனபோது அலமாரியில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. சாம்பல் நிறம், அவளுடைய அளவு.

"மெதுவா ஓடுற நாளைக்கும் இதுதான், வேகமா ஓடுற நாளைக்கும் இதுதான்," என்றான் வெர்ன். "வீட்டுல அஞ்சு ஜோடி அடுக்கி வச்சிருக்கியே, அதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்."

"அவ்வளவு ஒசத்தின்னா ஏன் திரும்பி வந்துச்சு?"

வெர்ன் காதைச் சொறிந்தான். "ரெண்டு பேர் திருப்பிட்டாங்க. கால் வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. காய்ச்சல்காரங்க மாதிரி நின்னுட்டுப் போயிட்டாங்க."

லோர்னா சிரித்துக்கொண்டே எடுத்து வந்தாள்.

வீட்டில் மகள் ஐலா சோபாவில் கிடந்தாள். நன்றி நாள் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருவர்தான், அதிலும் ஒருத்தி விடுமுறைக்கு மட்டும். அவள் வந்திருக்கும் நாட்களில் லோர்னாவுக்குக் காரணமே இல்லாமல் சமையலறையில் பாட்டு வரும்.

"அடுத்தவங்க கழட்டிப் போட்டதா? உன் கஞ்சத்தனத்துக்கு அளவே இல்லைம்மா," என்ற ஐலா, ஷூவைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எனக்கும் சரியா இருக்கும். ஒரு நாள் குடு."

"முதல்ல காலையில எந்திரிக்கிற வழியப் பாரு."

மறுநாள் விடிந்தும் விடியாமல் லோர்னா கிளம்பினாள். மான் வேட்டைக் காலம் என்பதால், வேட்டைக்காரர் கண்ணில் படும்படி ஆரஞ்சு மேல்சட்டை. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி ரோட்டை விழுங்கியிருந்தது. வண்டிகள் வலப்பக்கமாகப் போகும் நாடு அது; எதிரே வரும் வண்டி கண்ணில் படவேண்டும் என்று எப்போதும்போல ரோட்டின் இடது ஓரமாகவே ஓடினாள். அந்த ஓரத்துக்குக் கீழே பாறைச் சரிவு, அதற்கும் கீழே ஏரி.

ஷூ அருமையாக இருந்தது. மெதுவாகப் போனால் மெத்தென்று தாங்கியது, வேகம் எடுத்தால் தானாக உந்தியது. முழங்கால் வலியே தெரியவில்லை. வெர்ன் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் பின்னால் காலடி கேட்டது.

"இடது பக்கம் வரேன்."

பின்னால் வருகிறவர் முந்தப் போகிறார் என்றால் அப்படித்தான் குரல் கொடுப்பார். முன்னால் ஓடுகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வலப்பக்கம் ஓர் எட்டு ஒதுங்கி வழிவிடுவார். இத்தனை வருடம் ஓடிய கால்கள் அதை லோர்னாவைக் கேட்காமலே செய்யும். போதாததற்கு, அது ஐலாவின் குரல். தூங்குமூஞ்சி எழுந்து வந்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டபடி லோர்னா ஒதுங்கினாள்.

யாரும் முந்தவில்லை.

ஆனால் காலடி நிற்கவும் இல்லை. அவள் கால் தரையில் படும் அதே கணத்தில் அதுவும் பட்டது. ஈர இரும்பு போல ஒரு வாடை வந்தது.

"இடது பக்கம் வரேன்."

இன்னும் ஒதுங்கினாள். "வாடி, முந்தேன்," என்றாள்.

மூச்சு அவள் பிடரியில் பட்டது. குளிர்ந்த மூச்சு.

"இடது பக்கம் வரேன்ம்மா."

கால் மறுபடி வலப்பக்கம் போனது. அப்போதுதான் குனிந்து பார்த்தாள். நடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஹாரன் அலறியது. மரம் ஏற்றிய லாரி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஓரத்துச் சரளையில் எப்படி விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாரி போனபின் பைன் பட்டை வாசனையும் அமைதியும்தான் மிஞ்சின. ரோட்டில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். ஐலா போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

லோர்னா வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது? திருப்பித் தந்த அந்த இரண்டு பேரும் ஏன் காரணம் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்தது. சொன்னால் சிரிப்பார்கள். ஷூவைப் பின்கட்டில் கழற்றி எறிந்தாள். கடை இரண்டு நாள் விடுமுறை, திறந்ததும் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று இருந்துவிட்டாள்.

அந்த மௌனம்தான் தப்பாகப் போயிற்று.

அடுத்த நாள் காலை எழுந்தபோது ஐலாவின் படுக்கை காலி. முந்தைய நாள் மழையில் நனைந்த அவள் ஷூ அடுப்போரம் இன்னும் ஈரமாக இருந்தது. லோர்னா பின்கட்டுக்கு ஓடினாள்.

சாம்பல் ஷூவைக் காணோம்.

இரவு உடையோடு காரை எடுத்தாள். மூடுபனியில் ஏரி ரோட்டில் அவள் போன வேகம் எந்தத் தாயும் போகும் வேகம்தான். கடவுளே, அவள் ஒருத்திதான் எனக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ஐலா ஊர்ப்பக்கம் திரும்பி, எதிரே, லோர்னாவின் கார் போகும் ஓரமாகவே வந்துகொண்டிருந்தாள்.

அப்போது யாருக்கோ வழிவிடுவதுபோல ஐலா வலப்பக்கம் ஒதுங்கினாள். நேராகக் காரின் முன்னால்.

பிரேக்கை மிதித்த லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். கார் வழுக்கி, வழுக்கி, நின்றது. கண்ணைத் திறந்தபோது ஐலாவின் இரண்டு கைகளும் பானெட்டின் மேல் இருந்தன.

"நீ எப்படிம்மா கார்ல?" ஐலா பானெட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "இவ்வளவு நேரம் என் பின்னாடிதானே ஓடி வந்தே? ஒதுங்கு ஒதுங்குன்னு உயிரை வாங்கினியே."

லோர்னா இறங்கி ஓடினாள். அவளைக் காரில் உட்காரவைத்து, ஷூவைப் பிடுங்கி, பாறைச் சரிவுக்கு அப்பால் ஏரிக்குள் வீசினாள். இரண்டும் தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்ட பிறகே காரில் ஏறினாள்.

ஊரை நோக்கிக் காரைத் திருப்பினாள். ஏரி இப்போது வலப்பக்கம். ஐலா ஈரக் காலுறையோடு ஹீட்டரில் கால் நீட்டியிருந்தாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று லோர்னா அழுதாள்.

சற்று நேரத்தில் பின்னால் ஏதோ கேட்டது.

டயர் சத்தம் இல்லை. காலடி. காரின் வேகத்துக்கே ஓடி வரும் காலடி.

"இடது பக்கம் வரேன்."

"ஐலா," என்று கிசுகிசுத்தாள் லோர்னா, "நீயா பேசினே?"

ஐலா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் அம்மாவின் முகத்தில் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்தன.

லோர்னாவின் கைகள் அதற்குள் வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தன.