அசைவு திருத்தம்

மேசையை விட்டு இறங்கிய அழகுத்தாயின் கைகள் நடுங்கவில்லை. உள்ளே வரும்போது தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் உதறிக்கொண்டிருந்த கைகள் அவை. சூரியநெல்லி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியே தேய்ந்தவை. எலும்பு வலிக்குப் படம் எடுக்கத்தான் மகன் லோகேஷ் அவளைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தான். நடுக்கத்துக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

உடம்பின் உள்ளே படமெடுக்கும் காமா கேமராவை இயக்கும் மௌனிகாவுக்கு அந்த நடுக்கம் நின்றுபோனது கொஞ்சம் உறுத்தியது. திரையைப் பார்த்ததும் மறந்துபோனாள். அந்த வாரம்தான் கேமராவுக்குப் புது மென்பொருள் போட்டிருந்தார்கள். நோயாளி அசைந்தால் படம் மங்கும். அந்த மங்கலை அது துடைத்துவிடும். அழகுத்தாயின் விரலெலும்புகள் சீப்பின் பற்கள்போலத் தனித்தனியே தெரிந்தன. யாக்கோபு டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மௌனிகாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நெஞ்சுவலிக்காரியான தன் அம்மாவுக்கும் இதிலேயே எடுத்துவிடலாம் என்று அவளே போய்க் கேட்டாள்.

மறுநாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மா பூவாத்தாள் வந்து மேசையில் படுத்தாள். கதிர்வீச்சு மருந்து ஊசி போட்டாயிற்று. அந்த மருந்து ஏறிய உடம்பு மட்டுமே கேமராவுக்குத் தெரியும்.

"ஏங்கண்ணு, வலிக்குமா?"

"ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. அசையாம மட்டும் படுத்திருங்க."

"செரி கண்ணு."

கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஏசியின் முனகல், மூக்கை அரிக்கும் ஸ்பிரிட் வாசனை, அந்தப்பக்கம் அம்மாவின் நெஞ்சைச் சுற்றி மெதுவாக ஊர்ந்துவரும் கேமராத் தலைகளின் நிழல், அதனடியில் ஏறி இறங்கும் நீலப் போர்வை என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. திரையில் இதயம் உளுந்துவடை போல வட்டமாக விழத் தொடங்கியது. துடிப்பதால் அதன் ஓரம் மங்கலாக இருந்தது. கீழே அசைவு திருத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது.

போன் அடித்தது. லோகேஷ்.

"யக்கா, நேத்து அம்மா கை நடுங்காம இருந்துச்சுல்ல? இப்ப அசையவே மாட்டேங்குது. கட்டை கணக்கா கெடக்கு. குண்டூசியால குத்திப் பாத்துட்டேன். ரத்தமே வரலக்கா..."

மௌனிகா திரையின் பக்கம் திரும்பினாள். அப்படியானால் அந்த மென்பொருள் அசைவைப் படத்திலிருந்து மட்டும் துடைக்கவில்லை, உடம்பிலிருந்தும்தான். திரையில் வடையின் ஓரம் தெளிந்துகொண்டிருந்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கேமரா நின்றது. பச்சைக் கோடு நிற்கவில்லை. கேமராவின் மெயின் சுவிட்சை இழுத்தாள். கோடு நிற்கவில்லை. உள்ளே ஓடினாள்.

"அம்மா, எந்திரிங்க! அசையுங்க! கையக் கால ஆட்டுங்கம்மா!"

பூவாத்தாள் உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாள்.

"நீதான கண்ணு அசையக் கூடாதுன்ன. படம் கெட்டுப்போயிருமல்லோ."

போர்வை இறங்கியது. ஏறவில்லை.

மௌனிகா இரண்டு கைகளையும் அம்மாவின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அழுத்தினாள். ஐயோ அம்மா. அழுத்தினாள். வெளி அறைக்கு வந்திருந்த யாக்கோபு டாக்டரின் குரல் சுவரிலிருந்த ஸ்பீக்கரில் கேட்டது. அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.

"மௌனிகா, அடிபொளி! ஹார்ட்டு இத்தனை தெளிவா நான் கண்டதேயில்ல. ஆனா மேல ரெண்டு கை விழுந்திருக்கே, அது யாருடேது?"

ஊசி போடாத கைகள், கேமராவுக்குத் தெரியவே கூடாதவை. அவள் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தாள். வட்டத்தின் மேல் பத்து விரல்கள். ஓரமெல்லாம் மங்கல். சுண்டுவிரல் தெளிந்தது. அடுத்தது மோதிரவிரல்.

கையை எடுக்கப் பார்த்தாள். அது அம்மாவின் நெஞ்சிலேயே கிடந்தது. கண் இமைக்காமல், அதே சிரிப்போடு, பூவாத்தாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.