மூலை வீட்டுக்கு இரண்டு முகம்

அந்தப் பலகைக்குப் பின்னால் நின்றபோதுதான் லெனோராவுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது.

பெரிய ஒட்டுப்பலகை. ஆறடி உயரம். கார்வெல் ஊரில் எல்ம் தெருவும் பேக்கர் தெருவும் சந்திக்கிற முனையில் அவள் வாங்கியிருந்த சின்ன வீட்டின் புல்தரையில், பேக்கர் தெருப் பக்கமாக, வேலி போட்டால் எவ்வளவு மறைக்கும் என்று பார்க்க, அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு தெரியவில்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தானும் தெரிய மாட்டாள்... அது போதும். தூறல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். பிக்கப் வண்டியின் எஞ்சின்... மிக அருகில்.

கை தளர்ந்தது. பலகை தெருப்பக்கம் சாய, அதைப் பிடிக்கப் போனவள் நடைபாதையில் போய் விழுந்தாள். பிரேக் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பின்னோக்கி வந்த வண்டியின் சக்கரம் பலகையின் ஓரத்தை நொறுக்கிக்கொண்டு நின்றது.

இறங்கி ஓடி வந்தவன் அவள் பயந்த ட்ரென்ட் இல்லை. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்... நெட்டையான உடம்பு, நெற்றியில் ஒட்டிக்கொண்ட செம்பட்டை முடி, மழைக்கால ஏரியைப் போலச் சாம்பல் நிறக் கண்கள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பயந்த கண் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிறாளே.

"அடி பட்டுச்சா? கை காலை அசைங்க, பாப்போம்."

"ஒண்ணும் ஆகல."

"நிஜமா ஒண்ணும் ஆகல?" அவன் நீளமாக மூச்சு விட்டான். "அப்படின்னா இப்பத் திட்டலாம். பலகைக்குப் பின்னாடி ஒளிஞ்சு விளையாடுற வயசாங்க உங்களுக்கு?"

"என் இடம். ஒளிவேன், உக்காருவேன். பின்னாடி பாத்து ஓட்ட வேண்டியது நீங்க."

"ஆறடிப் பலகையைத் துளைச்சுப் பாக்குற கண்ணு எனக்கு இல்லைங்க."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த உதட்டையும், கன்னத்தில் ஒட்டியிருந்த புல்லையும் அவன் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காகத் தானே சங்கடப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அவன் பெயர் ஆர்லோ டால்பெர்க். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டுகிறவன். அவள் வேலி போடப் போகிறாள் என்று தெரிந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. மூலை வீட்டுக்கு இரண்டு முகம், இரண்டு தெருப் பக்கமும் முன்வாசல் கணக்குத்தான், மூன்றரை அடிக்கு மேல் எழுப்ப இந்த ஊர் விதி இடம் கொடுக்காது என்றான். அவளுக்கும் அது தெரியும். விதிவிலக்குக் கேட்டு நகர மண்டபத்தில் அன்று காலைதான் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"விசாரணைக்கு நானும் வருவேன்," என்றான். "வேண்டாம்னு சொல்றதுக்கு."

"வாங்க. உங்க வாய், உங்க பேச்சு," என்று நொறுங்கிய பலகையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டாள். எதற்குப் பயந்து... வண்டிக்கா, அந்தக் கண்ணுக்கா?

ட்ரென்ட் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்துக்குப் பிறகும் அவளை விட்டபாடில்லை. அவள் வேலை செய்த பல் மருத்துவமனை வாசலில், கடை வாசலில், தங்கை வீட்டு வாசலில் அவனுடைய பிக்கப் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். அவன் இறங்க மாட்டான். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பான். அவளை நெருங்கவே கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டதும், அவள் ஊரை மாற்றினாள், தொலைபேசி எண்ணை மாற்றினாள், தபாலைக்கூடத் தபால் நிலையப் பெட்டிக்கு வரவைத்தாள். கார்வெலில் அவள் இருப்பது தங்கைக்கு மட்டும் தெரியும்.

அப்படித்தான் நினைத்திருந்தாள்... அந்த வியாழக்கிழமை வரை.

புதிதாகச் சேர்ந்திருந்த பல் மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஊர்ப் பத்திரிகை கிடந்தது. எடுத்து மடிக்கப் போனவள் கண்ணில் கடைசிப் பக்கத்துப் பொது அறிவிப்பு பட்டது. விதிவிலக்கு கேட்பவர் லெனோரா பிஷெல். கீழே தெரு, வீட்டு எண், ஆறடி வேலி, விசாரணை நாள், மாலை எத்தனை மணி... எல்லாம். நகர மண்டபத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த பெண் பாவம், சாதாரணமாகச் சொன்னாள். சட்டப்படி பத்திரிகையில் போட்டே ஆக வேண்டும், ஊர் இணையதளத்திலும் போட்டாகிவிட்டது, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தபால் போய்விட்டது, வீட்டு வாசலில் பலகையும் நடுவார்கள். மனு கொடுக்கும்போது படித்துக் கையெழுத்துப் போட்டீர்களே என்றாள்.

படிக்காமலேயே போட்டிருந்தாள். ஒளிந்துகொள்ள வேலி கேட்கப் போய், தன் பெயரையும் வீட்டையும் தானே தண்டோரா போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தாள். வாங்கி என்ன பயன்? பெயர் வெளியே போயாயிற்று. இனி வேலியாவது வேண்டும்.

ஒரு சாயங்காலம் பெருங்காற்று. வாசலில் நட்டிருந்த அறிவிப்புப் பலகை பறந்துபோயிற்று. கதவு தட்டும் சத்தம் கேட்டு, திரையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். நனைந்த கோட்டும், கையில் அந்தப் பலகையுமாக ஆர்லோ நின்றிருந்தான்.

"உங்க பலகை என் தக்காளிச் செடி மேல வந்து படுத்திருக்கு. நட்டுட்டுப் போயிடவா?"

"எதிரி வீட்டு ஆளு உதவி பண்றாரா?"

"பலகை இல்லேன்னா விசாரணையைத் தள்ளி வெச்சிடுவாங்க. எதிர்த்துப் பேச நான் அவ்வளவு நாள் காத்திருக்கணும்."

இந்தத் தடவை சிரித்தேவிட்டாள். அவன் சுத்தியலால் அடிக்க, அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் அவளுடைய முடி அவன் தோளில் பட்டது. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள். வேலி வேண்டாம் என்பதற்குக் காரணத்தை அப்போதுதான் அவன் சொன்னான். முன்பு ஒரு திருப்பத்தில் உயரமான புதர்வேலி ஒன்று இருந்ததாம். அதன் மறைவிலிருந்து சைக்கிளில் ஒரு சின்னப் பெண் நேராக அவன் பஸ் முன்னால் வந்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். அவனுக்குத்தான் இன்னும் கனவில் அந்த மணிச் சத்தம் கேட்கிறது.

"எனக்குக் கண்ணுக்குத் தெரியாததுதான் பயம்," என்றான். "உங்களுக்கு என்ன? என் வண்டியைக் கிளப்பினாலே உங்க வீட்டுத் திரை ஏன் மூடுது?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அந்தச் சாம்பல் கண்களில் பரிதாபம் வரும். பழைய ஊரில் எல்லோருடைய கண்ணிலும் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தாள். இவன் ஒருவனாவது அவளைச் சண்டைக்காரியாகப் பார்க்கட்டும்.

"வெயில் ஆகாது எனக்கு," என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனான்.

விசாரணை நகர மண்டபத்தின் கீழ்த்தளத்தில். மடக்கு நாற்காலிகள், ஓரமாகக் காபி, யாரோ சுட்டுக் கொண்டுவந்த ஓட்ஸ் பிஸ்கட். குழுத் தலைவி திருமதி குன்டர்சன், கோழிக்கூண்டு தகராறுகளையும் கார்க் கொட்டகைத் தகராறுகளையும் தீர்த்தே தலை நரைத்தவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விதியை விளக்கினார்.

"விதிவிலக்கு வேணும்னா சிரமம் நிலத்தோடதா இருக்கணும்மா. உங்களோடதா இருந்தா நாங்க கணக்குல எடுக்க முடியாது. சொல்லுங்க."

லெனோரா எழுந்தாள். மூலை மனை, இரண்டு முன்வாசல், கொல்லை என்று சொல்ல இடமே இல்லை... எழுதிக் கொண்டுவந்ததைப் பாதி படித்திருப்பாள். பின்னால் கதவு திறந்தது. செருப்பைத் தேய்த்து நடக்கிற அந்த நடைக்கு அவள் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் திரும்பினாள்.

கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ட்ரென்ட் உட்கார்ந்தான். அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

குரல் நின்றுவிட்டது. காகிதத்தில் எழுத்து எதுவும் தெரியவில்லை. பொதுக் கூட்டம், யாரும் வரலாம்... கத்தினால் என்ன நினைப்பார்கள்? ஓடினால் அவனைத் தாண்டித்தான் ஓட வேண்டும். திருமதி குன்டர்சன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்றார்.

ஆர்லோ எழுந்தான். பேச வேண்டியதை நாலு நாளாக வண்டி ஓட்டும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். ஆனால் அவன் கண் அவளுடைய கையில் நின்றது. காகிதம் அப்படி நடுங்கியது. அவள் பார்வை போன திசையில் அவனும் பார்த்தான். முழங்காலில் தொப்பி, அந்தப் புன்னகை... மூடுகிற திரையும், பலகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றவளும் அவனுக்கு அப்போதுதான் ஒன்றாகப் புரிந்தது.

பேசுகிறவர்கள் நிற்கிற இடம் இடதுபுறம். அவன் அங்கே போகவில்லை. நேராக வந்து, லெனோராவுக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவள் கண்ணுக்கு இப்போது அவனுடைய முதுகும், கசங்கிய சட்டையும் மட்டும்தான் தெரிந்தது.

"என் வண்டிப் பாதை ஓரமா வேலி முனையைக் குறுக்கா வெட்டி, பின்னால தள்ளிப் போட்டா வர்றவங்க எனக்குத் தெரிவாங்க," என்றான். "அந்த மனையைச் சுத்தி எங்க பாத்தாலும் தெருதான். அதுக்கு வேற வழி இல்லை. அப்படிப் போட்டா எனக்கு ஆட்சேபம் இல்லைங்க. போடணும்னே சொல்றேன்."

"நானும் ஒரு வார்த்தை பேசலாமா?" கடைசி வரிசையிலிருந்து இனிமையான குரல். "லெனி எதுக்கு இவ்வளவு பயப்படுறான்னு அவளையே கேளுங்களேன்."

அந்தச் செல்லப் பெயர் முதுகெலும்பில் ஊர்ந்தது. இந்த முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிடலாம்... அது எவ்வளவு சுகமாக இருக்கும். ஆனால் நாளைக்கு? நாளன்றைக்கு? லெனோரா மூச்சை இழுத்துக்கொண்டு, ஆர்லோவின் பின்னாலிருந்து ஒரு எட்டு விலகி, எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"அவர் என் முன்னாள் கணவர். என்னை நெருங்கக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு, இந்தப் பையிலதான் வெச்சிருக்கேன். பத்திரிகையில என் பேரைப் பாத்து வந்திருக்கார். ஆமா, எனக்குப் பயம்தான். ராத்திரி தூங்குறதே இல்ல. வேலி கேட்டது அதுக்குத்தான்."

திருமதி குன்டர்சன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போலீஸைக் கூப்பிடச் சொன்னார். மாடியில்தான் காவல் நிலையம். ட்ரென்ட் எழுந்தபோது கதவருகே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவன் புன்னகை அப்போதுதான் போயிற்று.

கதவு மூடியதும் தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தம்மா கடைசியாச் சொன்னது ஆளோட சிரமம். கணக்குல எடுக்க முடியாது. டால்பெர்க் சொன்னது நிலத்தோட சிரமம். அது போதும். ஓட்டுப் போடலாமா?"

குழுவின் ஐந்து கைகளும் உயர்ந்தன.

உத்தரவை மீறியதற்கு ட்ரென்ட் மேல் வழக்கு நடந்தது. சிறையும் கிடைத்தது. ஆனால் பயம் அவனோடு சேர்ந்து உள்ளே போய்விடவில்லை. பகலில் தைரியமாக இருப்பாள், இருட்டினால் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். ஆர்லோவையும் தவிர்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே... இனி அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது? அவன் கையசைத்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மேப்பிள் இலைகள் சிவந்த ஒரு சனிக்கிழமை, குழி தோண்டும் கடப்பாரையோடு அவனே வந்து நின்றான்.

"பரிதாபப்பட்டெல்லாம் வரல," என்றான் அவள் கேட்பதற்கு முன்பே. "உங்களை நம்பி விட்டா முனையை ஒழுங்கா வெட்ட மாட்டீங்க."

"எனக்கு அளக்கத் தெரியாதா?"

"பலகையை நேராப் பிடிக்கவே தெரியலையே."

அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். பரிதாபம் இல்லை. முதல் நாள் மழையில் பார்த்த அதே பயம்தான் கொஞ்சம் இருந்தது... அவள் போகச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

கம்பம் கம்பமாக வேலி எழுந்தது. சாயங்காலம் கடைசிப் பலகையை ஆணியடிக்கப் போனபோது அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த இடத்துல பலகை வேண்டாம். ஒரு கதவு வெக்கலாம்."

"இது என் வீட்டுப் பக்கம்."

"தெரியும்."

அவன் காது சிவந்தது. சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "குழு ஒத்துக்கிட்ட வரைபடத்துல கதவு இல்லீங்க. மறுபடி மனுப் போடணும். மறுபடி பத்திரிகையில பேரு, விலாசம் எல்லாம் வரும். உங்களுக்கு..." என்று இழுத்தான். "எனக்கும் ரொம்ப நாளா ஒரு மனு இருக்கு லெனோரா. உங்ககிட்டதான் குடுக்கணும். நீங்க அன்னிக்கு நடைபாதையில விழுந்து எந்திரிச்சு என்னைத் திட்டினதுல இருந்தே..."

தெருவில் ஒரு பிக்கப் வண்டி போயிற்று. அவள் தோள் குலுங்கியது. இன்னும் குலுங்கத்தான் செய்தது. ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

"மனுப் போடலாம்," என்றாள். "பத்திரிகையிலயும் வரட்டும்... இந்தத் தடவை என் பேர் பக்கத்துல உங்க பேரும் வரணும்."