செங்கல்லுக்குள் ஒளித்த பெயர்

வெண்டல் வெள்ளை மை பூசிய இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். மூன்றாம் பக்கம், நான்காவது கட்டம். கிடங்குச் சுவரில் சுண்டுவிரல் நக அளவு செங்கல் ஒன்று. அதன் மேல் மயிரிழைக் கோட்டில் 'ஆல்டோ' என்று எழுதியிருந்ததைக் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவன் மறைத்தான். இப்போது பெயரும் இல்லை, வெள்ளை மையும் இல்லை, செங்கல்லே இல்லை. விரலால் தடவினான். தாள் கிழியவில்லை, வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் விரல் நுனியில் ஜில்லென்று காற்று பட்டது. ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. வெளியே ஆகஸ்ட் மாத வெயிலில் மன்ஹாட்டன் மொட்டைமாடிகளின் தார் இளகிக்கொண்டிருக்க, எட்டாவது மாடியில் ஏது ஈரம், ஏது சுண்ணாம்பு?

"வெயில்ல கண்ணு பூக்குது, வேற ஒண்ணுமில்ல," என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்தை இழுத்தான்.

சனிக்கிழமை. அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. சாய்வு மேசைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்கு ஆல்டோவின் மனைவி பினா வந்துவிடுவாள். அதற்குள் பதின்மூன்று பக்கங்களிலும் அவள் புருஷன் பெயர் ஓரிடத்தில்கூட இருக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய நாட்களில் காமிக்ஸ் உலகில் வாரத்துக்கு ஒரு முகமூடி வீரன் பிறந்தான், மாதத்துக்கு நான்கு பேர் கேட்க நாதியில்லாமல் செத்தார்கள். ஆந்தை வேஷம், மின்விளக்கு வேஷம், கடிகார வேஷம் என்று எவனுக்கும் பஞ்சமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் 'கொத்தனார்'. சாம்பல் நிற முக்காடு, தோல் மேலங்கி, இடுப்பில் கொத்துக்கரண்டி. சுவருக்குள்ளிருந்து வெளியே வருவான். குற்றவாளியிடம் ஒரே ஒரு முறை உண்மையைக் கேட்பான். பொய் சொன்னால் நின்ற இடத்திலேயே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டுப் போய்விடுவான். ஆறு இதழ் வந்தது. பிறகு ஊர் மறந்துபோனது. இந்த வருஷம் தொலைக்காட்சிக்காரர்கள் பழைய வீரர்களைத் தேடி வந்தபோதுதான் வெண்டலின் அலமாரிப் பூட்டு திறந்தது. திங்கட்கிழமை அவர்களும் வருகிறார்கள், கொத்தனாரைப் படைத்த மேதையைப் பார்க்க.

படைத்தவன் ஆல்டோ. செங்கல் அடுக்கிப் பிழைத்தவரின் மகன். படம் போடுகிறவன் கையெழுத்துப் போடக் கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். அதனால் எல்லாரும் திருட்டுத்தனமாகப் போட்டார்கள். புல்லுக்குள், கார் எண்பலகையில், நாயகியின் கூந்தல் சுருளில். ஆல்டோ செங்கல்லில் போட்டான். பட்டாளத்துக்குப் போகும்போது பக்கங்களை வெண்டல் கையில்தான் கொடுத்தான்.

"நான் வர்ற வரைக்கும் இவனப் பாத்துக்கடா."

"போடா. நீ வந்ததும் ஏழாவது இதழப் போட்டுத் தாக்குவோம்."

ஆல்டோ வரவில்லை. அவன் முன்னோர் பிறந்த இத்தாலியிலேயே ஏதோ ஒரு குன்றில் புதைந்துபோனான். அடுத்தவன் பிள்ளையான கொத்தனாருக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்த வெண்டலுக்கு, ஒன்பது வருஷத்தில் அது பாதி உண்மையாகவே ஆகிவிட்டது.

நேற்றுப் பினா தொலைபேசியில் கூப்பிட்டாள். "எனக்கு வேற எதுவும் வேணாம் சார். அவரு பேரு போட்ட ஒரே ஒரு பக்கம். வீட்ல மாட்டி வச்சுக்கறேன்."

"அத வரைஞ்சதே நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர் சும்மா கோடு இழுத்துக் குடுத்தாரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. ஒரு பக்கத்துல அவர் பேரக் காட்டுங்க, அத்தனையும் அள்ளிக்கிட்டுப் போங்க."

வாய்க்கொழுப்பு. ரிசீவரை வைத்த பிறகுதான் செங்கற்கள் ஞாபகம் வந்தன. அன்று இரவு அவனுக்குத் தூக்கமே இல்லை.

ஐந்தாம் பக்கத்தில் ஏழு பெயர்கள். பூசினான். ஆறாம் பக்கத்தில் பன்னிரண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஒவ்வொன்றும் காய்ந்ததும் கறுப்புப் பொந்தாகிக்கொண்டே வந்தது. அவன் அதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனான். எங்கேயோ வறட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கல்லின் மேல் இரும்பு இழுபடுவது போல. நின்றது. மறுபடி இழுபட்டது. பக்கத்துக் கட்டடத்தில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டான், சனிக்கிழமை எவனும் வேலை செய்வதில்லை என்று தெரிந்தும்.

ஏழாம் பக்கத்தைத் திருப்பினான். கொத்தனார் நிற்க வேண்டிய கட்டத்தில் தெருவிளக்கு இருந்தது, நடைபாதை இருந்தது, தரையில் அவன் நிழல்கூட இருந்தது. கொத்தனார் மட்டும் இல்லை.

எட்டாம் பக்கத்திலும் இல்லை. ஒன்பதிலும் இல்லை. செங்கற்களில் இருந்த பெயர்களை மட்டும் பூசிக்கொண்டே போனான்.

மேசை மேல் வெளிச்சம் குறைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு செங்கற்கள் அடுக்கியிருந்தன. அசல் செங்கல் இல்லை. கறுப்புக் கோடு போட்டு வரைந்தவை. ஆனால் தெருவை மறைத்தன. எழுந்து போய் ஒன்றைத் தள்ளினான். அசையவில்லை. விரலில் மை ஒட்டியது. இன்னும் காயாத, புது மை. கல்லின் நடுவில் மயிரிழையில் அந்தப் பெயர்.

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. இங்கே அழிக்கிற ஒவ்வொரு கல்லும் அங்கே போய் உட்காருகிறது. அந்த நிமிஷமே தூரிகையைக் கீழே போட்டிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் மணி ஒன்றரை. இன்னும் நான்கே பக்கம். பயம் ஒரு பக்கம் இழுக்க, திங்கட்கிழமை வரப்போகிற மாலை மரியாதை மறுபக்கம் இழுத்தது. உட்கார்ந்தான். பூசினான். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கல்வரை பூசினான்.

வாசல் இருட்டியது.

கதவு இருந்த இடத்தில் சுவர். சுவருக்கு முன்னால் கொத்தனார். சாம்பல் முக்காட்டுக்குள் முகம் இல்லை. ஆல்டோ அங்கே முகமே வரைந்ததில்லை, வெறும் கறுப்பு மைதான். தோல் மேலங்கியின் மடிப்பில் சுண்ணாம்பு சொட்டியது.

"யாரு வரைஞ்சது?" என்று அது கேட்டது. உலர்ந்த சாந்தைச் சுரண்டுகிற குரல்.

ஒன்பது வருஷப் பழக்கம் பயத்தையும் முந்திக்கொண்டது.

"நான்தான்," என்றான் வெண்டல்.

அது இரண்டாம் முறை கேட்கவில்லை.

கரண்டி எழுந்தது. கலவை விழுந்தது. கல் உட்கார்ந்தது. முழங்கால் வரை. இடுப்பு வரை. "ஆல்டோ!" என்று கத்தினான். "ஆல்டோதான் வரைஞ்சான்! எல்லாம் அவன்தான்! நான் ஒரு கோடுகூடப் போடல!" கல். கலவை. கல். நெஞ்சு வரை. தோள் வரை. கையைத் தூக்க இடமில்லை. கண்ணுக்கு நேரே ஒரே ஒரு சந்து.

காலடிச் சத்தம். கதவு திறக்கிற சத்தம். கீழ்வாசல் காவல்காரர் மெக்கார்டிலின் குரல்.

"சார்? ஆளக் காணோமேம்மா. கோட்டு மட்டும் தொங்குது. சாப்பிடப் போயிருப்பாரு."

"நான் காத்திருக்கேன் ஐயா... மேசை மேல இருக்கே, இதுதானே அந்தப் பக்கம்?"

"பினா!" என்று அலறினான். "இங்க! இங்க இருக்கேன்!"

சந்துக்கு வெளியே அலுவலகம் இல்லை. வானம் இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பினாவின் முகம் குனிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டளவு நெற்றி, அதன் மேல் வியர்வை முத்துக்கள், கறுப்புத் தொப்பி. அவள் விரல் இறங்கி வந்து சுவரின் மேல் ஊர்ந்தது. கல் கல்லாக.

"பாருங்க ஐயா. இங்க இருக்கு. இங்கயும். அம்மாடி, எல்லாக் கல்லுலயும் எழுதியிருக்காரே!"

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க தாயி. காட்டினா அள்ளிக்கிட்டுப் போகலாம்னு அவரே சொன்னாருன்னுதான சொன்னீங்க?"

அவள் அழுதாள், சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் குனிந்தாள். அந்தப் பெரிய பழுப்புக் கண், சந்துக்கு நேராக வந்து நின்றது. வெண்டல் தொண்டை கிழியக் கத்தினான். அவள் புருவம் லேசாகச் சுருங்கியது.

"இந்த ஒரு எடத்த மட்டும் விட்டுட்டாரு போல," என்றாள்.

வெண்டலின் காதருகே கரண்டி கலவையை அள்ளியது.