கேட்டுக்கொண்டே இருந்த கருவி

முதல் கனத்த பனி விழுந்த மறுநாள் காலை ஃபகராஷ் மலைக்குடிலுக்கு ஸ்மராண்டா வந்து சேர்ந்தாள். எல்லாம் போன குளிர்காலத்தைப் போலவே இருந்தது. அடுப்பில் பீன்ஸ் சூப், வாசலில் சாய்த்த பனிச்சறுக்குப் பலகைகள், ஈரக் காலுறைகளின் நாற்றம். கொழுந்தன் டோரு சூப்பை ஊற்றிக் கொடுத்தான். நாக்கு சுட்டதைக்கூட அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். பிப்ரவரியிலிருந்து அவள் அப்படித்தான், மரத்துப்போய் இருந்தாள்.

பிப்ரவரியில் அவள் கணவன் திபேரியுவைப் பனிச்சரிவு கொண்டுபோனது.

மலையேறும் எல்லோர் மார்பிலும் ஒரு கருவி உண்டு. அனுப்பலில் வைத்தால், புதைந்தவன் இருக்கும் இடத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். தேடலில் வைத்தால், அவனை நெருங்க நெருங்க வேகமாகக் கூவும். கிளம்பும்முன் தலைவன் தன் கருவியைத் தேடலில் வைத்து நிற்பான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போவார்கள். கடைசியில் அவன் தன்னுடையதை அனுப்பலுக்குத் திருப்ப வேண்டும்.

அன்று திபேரியு எல்லோரையும் சோதித்தான். திருப்ப மறந்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் தன் விஷயத்தில் கோட்டை விட்டான். ஸ்மராண்டாவும் டோருவும் இருட்டும்வரை நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை.

ஜூனில் ஓர் இடையனின் நாய் திபேரியுவின் உடலைக் கண்டுபிடித்தது. பனி மிச்சமிருந்ததால் அன்றும் அவள் கருவியைக் கட்டியிருந்தாள். உடலை நெருங்கியபோது திபேரியுவின் கருவி கூவியது. பேட்டரி எப்போதோ செத்திருக்க வேண்டும். நான்கு மாதமும் அது பனிக்கடியில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. டோரு பேட்டரியைப் பிடுங்கிவிட்டுக் கருவியைச் சவப்பெட்டியில் வைத்தான்.

இன்று, குளிர்காலம் வழியை மூடுமுன், அந்த இடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றத்தான் வந்திருந்தார்கள். வாசலில் டோரு அவளைச் சோதித்தான்.

"உங்களோடது நல்லாவே கத்துது, அண்ணி. என்னையும் ஒரு தடவை திட்டிடுங்க, அண்ணன் மாதிரி மறந்துடப் போறேன்."

"திருப்பித் தொலை," என்றாள்.

திருப்பிவிட்டு அவளிடம் காட்டினான். ஏறினார்கள். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. முன்னால் டோருவின் முதுகு மட்டும் தெரிந்தது.

பின்னால் ஒரு சத்தம்.

பீப்.

அவள் நின்றாள். வந்தவர்கள் இரண்டே பேர்.

பீப். பீப்.

ஈர மண் வாடை அடித்தது. ஜூனில் குழியருகே அடித்த அதே வாடை. சத்தம் வேகமெடுத்தது. அவள் கை தானாக மார்புக்குப் போய்க் கருவியின் சுவிட்சை அணைத்தது.

சத்தம் நின்றது. தடம் தவறியவன் கால் மாற்றி நிற்பதுபோல், பின்னால் பனி ஒரு முறை நொறுங்கியது.

டோரு திரும்பி வந்தான். அவள் மார்பில் விளக்கு எரியாததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏன் அணைச்சீங்க?" கிசுகிசுத்தான். "மேல பனி எவ்வளவு கனத்துக் கிடக்கு தெரியும்ல. இது விழுந்தா உங்கள யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அவர் தேடுறார், டோரு."

"யாரு?"

மேலே சரிவு முழுவதும் ஒரு முறை மந்தமாக முனகி அமுங்கியது.

"போடுங்க, அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன்."

போட்டால் திபேரியு கண்டுபிடிப்பான். போடாவிட்டால் யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. பிழைத்துக் கிடக்க வேண்டும் என்றும் இருந்தது.

போட்டாள்.

உடனே காதருகில் கூவல் எழுந்தது. இடைவெளியே இல்லாமல், ஒரே நீளச் சத்தமாக. தேடுகிறவன் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அப்படிக் கூவும்.

பிறகு அதுவும் ஓய்ந்தது.

அவள் முதுகில், மேல்சட்டைக்கு மேலே, மெல்லிய கம்பி ஒன்று மெதுவாகக் குத்திப் பார்த்தது.