ஆளுக்கொரு மிடறு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்புக் குமிழியில் காலையில் பல் துலக்கும்போதே அன்றைக்கு யாரைப் பிழைக்கவைப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். குழாய்க்கு மேலே இருக்கும் சுவர்த்திரையில் முகங்கள் வரிசையாக வரும். ஒருவருக்குச் சிறுநீரகம் வேண்டும், இன்னொருவருக்குக் கண். மனத்துக்குப் பிடித்த முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தால் அன்றைய நீர்ப் பங்கிலிருந்து ஒரு மிடறு அவருக்குப் போய்விடும். பிடிக்காவிட்டால் முகத்தை ஒதுக்கிவிட்டு வாய் கொப்பளிக்கலாம். பெரும்பாலோர் கொப்பளித்தார்கள்.

அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அங்கே நீர்தான் எல்லாம். புதிய உறுப்பை வளர்தொட்டியில் ஊறவைத்துத்தான் வளர்க்க வேண்டும். ஒரு தொட்டி குடிக்கிற நீரை ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க நாக்கு வறண்டு சேர்த்தாலும் கொடுக்க முடியாது. அதனால்தான் ஊர் கூடித் தேர் இழுக்கும் இந்த ஏற்பாடு. பூமியில் ஊதாரியைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்பார்களாம். செவ்வாயில் ஒருவனை அப்படிச் சொன்னால் அவன் கஞ்சன் என்று பொருள்.

அஞ்சுகத்தின் கணவர் தணிகாசலத்தின் முகம் இரண்டு வருடமாக அந்தச் சுவரில் வந்து போய்க்கொண்டிருந்தது. குமிழியின் வெளிப்புறத்தில் விரிசல்களை அடைக்கும் வேலை பார்த்தவர். செம்புழுதி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. புதிதாக ஒரு ஜோடி வளர்த்துப் பொருத்தினால் பிழைப்பார், இல்லாவிட்டால் அடுத்த புழுதிப் பருவத்தைத் தாண்டமாட்டார் என்று மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள்.

முகத்துக்குக் கீழே அபிப்பிராயம் எழுத இடம் உண்டு. அபிப்பிராயத்துக்கு நீர் செலவாகாது என்பதால் அது தாராளமாகவே வந்தது. படத்தில் சிரிக்கிறாரே, நோயாளி மாதிரியா இருக்கிறார் என்றார் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு நுரையீரல் எதற்கு, ஒன்று போதாதா என்றார் இன்னொருவர். இத்தனை நாள் சேமிக்காமல் என்ன செய்தார் என்று பலர் கேட்டார்கள். அஞ்சுகம் படத்தை மாற்றி, சிரிக்காத படமாகப் போட்டாள். முறைக்கிறார் என்றார்கள்.

இந்த நிலையில்தான் பட்டாணி வால்வை விழுங்கினான்.

பட்டாணி அவர்கள் வீட்டு நாய். பூமியிலிருந்து உறைந்த கருக்களாக வந்து இறங்கிய நாய்களின் வம்சம். குமிழிக்கே கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவுதான் நாய்கள் இருந்தன. குலுக்கல் போட்டுத்தான் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். தணிகாசலம் வாழ்க்கையில் வென்ற ஒரே பரிசு அவன். வலது காது மடிந்து, இடது காது நிமிர்ந்து, எந்நேரமும் ஏதோ சந்தேகம் கேட்பவன் போல இருப்பான். அவருடைய மூச்சுமூடியைக் கடித்து விளையாடி, அதிலிருந்த ரப்பர் வால்வைக் காலையில் விழுங்கிவிட்டான். சிறிது நேரத்தில் வயிறு கல்லாகிவிட்டது. நுரை நுரையாக வாந்தி எடுத்தான்.

கால்நடை மருத்துவர் ஜெபமணி வயிற்றைத் தடவிப் பார்த்தார், படம் எடுத்தும் பார்த்தார்.

"மதியத்துக்குள்ள வயித்தைத் திறக்கணும் அஞ்சுகம். நாய்ப் பங்குல இருக்கிற தண்ணி நான் கை கழுவக்கூடக் காணாது. சுவத்துல கேட்டுடு."

அஞ்சுகத்துக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேருக்குக் கை ஏந்துவதா? போதாக்குறைக்கு ஒரு கணக்கும் மனத்துக்குள் ஓடியது. நாய்க்கு ஒரு மிடறு கொடுத்தவன் அடுத்து வரும் தணிகாசலத்துக்கு எப்படிக் கொடுப்பான்? அந்த வீட்டுக்குத்தான் கொடுத்துவிட்டோமே என்று நகர்ந்துவிடுவான். கேட்டால் புருஷன் போவான், கேட்காவிட்டால் நாய் போகும். வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவரிடமே சொன்னாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கேளு. எனக்கு ரெண்டு வருஷமாக் கேட்டாச்சு. அவனுக்கு ஒரு நாள் கேளேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜெபமணியிடம் திரும்பி ஓடி, அவர் மேசையில் சுருண்டு கிடந்த பட்டாணியைப் படம் எடுத்து, காப்பாற்றுங்கள் என்று மட்டும் எழுதிச் சுவருக்கு அனுப்பினாள்.

அறைக்கு வெளியே வந்து உட்காருவதற்குள் போதுமான நீர் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகும் சேர்ந்தது. மிடறு மிடறாக அல்ல, குவளை குவளையாக. மாதம் ஒருமுறை கிடைக்கும் குளியலைச் சிலர் அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். அன்று பல வீடுகளில் ரசம் வைக்கவில்லை. இத்தனை நாள் சேமிக்காமல் என்ன செய்தது என்று யாரும் அந்த நாயைக் கேட்கவில்லை. வாயில்லா ஜீவன் என்று உருகி எழுதினார்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் கிடந்த தணிகாசலமும் ஏறக்குறைய அந்த இனம்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதியத்துக்கு முன்பே வால்வு வெளியே வந்தது. பட்டாணி பிழைத்தான். மிச்சமான நீரில் இரண்டு பேருக்கு நுரையீரல் வளர்க்கலாம்.

அஞ்சுகம் நீர்க் கணக்கைப் பார்க்கும் நீர்ச்சபைக்கு ஓடினாள். அங்கே மனிதர்கள் கிடையாது. மனிதர்கள் இருந்தால் வருகிறவர்கள் கெஞ்சுவார்கள் என்று நீர்க்காவலன் என்ற இயந்திரத்தை வைத்திருந்தார்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. நாய்க்கு வந்த நீரோ நன்றாகவே குரைத்தது. யார் பெயருக்கு வந்ததோ அவருக்கே என்பது விதி. ஒரு சொட்டைக்கூட வேறு பெயருக்கு மாற்ற முடியாது என்றது நீர்க்காவலன். நாயின் சிகிச்சைக்கும், அது நலமாக இருக்க இன்றியமையாத பொருள்களுக்கும் செலவிடலாம், மெத்தை ஏதாவது வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பட்டாணி எதையும் தொடவில்லை. கஞ்சியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தையலைப் பார்க்க வந்த ஜெபமணி கவலைப்பட்டார். தணிகாசலம் அவனைத் தூக்கி மடியில் போட்டு விரலால் ஊட்டிய பிறகுதான் நக்கினான். மடியிலிருந்து இறக்கினால் நிறுத்தினான், ஏற்றினால் தின்றான். ஜெபமணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சுகம் சபையில் நடந்ததைச் சொல்லி முடித்ததும் எழுந்தார்.

"இவன் இருக்கணும்னா அவர் இருக்கணும். நான் அதை அப்படியே எழுதித் தரேன். அதுல பொய் ஒண்ணுமில்லையே."

சான்றிதழை நீர்க்காவலன் ஏற்றுக்கொண்டது. தணிகாசலத்தைப் பராமரிப்புச் சாதனங்கள் என்ற வகையில், மெத்தைக்கும் கிண்ணத்துக்கும் அடுத்தபடியாகப் பதிந்துகொண்டது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டது. சாதனம் மிகவும் பழையதாக இருக்கிறது. பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக ஒன்று மாற்றிக்கொள்வது சிக்கனம் இல்லையா?

"மாத்து கிடையாதுங்க. இதைத்தான் பழுதுபாக்கணும்" என்றாள் அஞ்சுகம்.

தணிகாசலத்தின் மணிக்கட்டில் 'பட்டாணியின் உடைமை' என்ற பட்டையைக் கட்டி உள்ளே அழைத்துப் போனார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் கொடுத்தவர்களில் சிலர் கொதித்தார்கள். நாய்க்கென்று கொடுத்ததை மனுஷனுக்குக் கொட்டுவதா? நாயின் நன்மைக்காகத்தான் என்று சபை விளக்கியதும் அடங்கிவிட்டார்கள். அப்படியென்றால் சரி என்று இன்னும் கொஞ்சம் நீரும் அனுப்பினார்கள். பட்டாணி மடியில் உட்கார்ந்திருக்கும் படம் கேட்டார்கள். மடிக்கு மேலே இருப்பவர் படத்தில் விழாமல் எடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

புழுதிப் பருவம் வந்தது, போனது. தணிகாசலம் இருமாமல் பேசினார், பட்டாணியுடன் குமிழியின் ஓரம்வரை நடந்தார். பட்டையைக் கழற்றக் கூடாது என்பது நிபந்தனை. அஞ்சுகத்துக்கு ஆரம்பத்தில் அதைப் பார்க்கும்போது சுருக்கென்றது, பிறகு பழகிவிட்டது. ஆள் இருக்கிறாரே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை வாசல் மணி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் கணவர். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. முகத்தைத் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுவிட்டிருந்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறுநீரகம் வேண்டும், மூன்று வருடமாகச் சுவரில் இருக்கிறார் என்று அவள் சொன்னாள். மிச்ச நீர் நாயின் பெயரில் இருக்கிறது, நாங்கள் எடுத்துக் கொடுக்க முடியாதே என்று அஞ்சுகம் தயங்கினாள்.

"தண்ணி வேணாம்மா. உங்க நாய்க்கு இன்னொரு ஆள் வேணுமான்னு கேக்கத்தான் வந்தோம்."

அந்தப் பெண் அவசரமாகத் தொடர்ந்தாள்.

"இவர் சத்தமே போடமாட்டார். எது போட்டாலும் சாப்பிடுவார். புது இடம்னா ரெண்டு நாள் ஒரு மூலையில உக்காந்திருப்பார், அப்புறம் ஒட்டிக்குவார்."

நாற்காலியில் இருந்தவர் அதற்கும் நிமிரவில்லை. உள்ளே பட்டாணி தணிகாசலத்தின் மடியில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அஞ்சுகம் கதவை முழுக்கத் திறந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க. அவன் தூங்கறான். எழுந்ததும் காட்டிப் பாப்போம்."