கிணற்றில் திருப்பி விட்டவை

குழந்தை இறந்த நாளிலிருந்து குணமதியைக் கொசு கடிக்கவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்து, ஈரச் சுவரின் பாசி வாடையும் பக்கத்து வீட்டு விறகுப் புகையும் அறைக்குள் தேங்கி நின்ற ஒரு சாயங்காலம், பாயில் சும்மா படுத்திருந்தவளின் மணிக்கட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, தைத்த முள்ளைப் போலச் சாய்ந்து நின்றது. இறக்கையில் கரும்புள்ளிகள். அனாபிலஸ். விலங்கியல் படித்தபோது நோட்டில் எத்தனையோ முறை வரைந்த படம். கடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அது கடிக்கவில்லை. நாடி துடிக்கும் இடத்தில் அப்படியே இருந்தது. பிறகு இன்னொன்று வந்தது. அதுவும் கடிக்கவில்லை. பக்கத்தில் நான்கு வயது மகள் ஜெயந்திமாலா கால் முழுக்கத் தடித்துப்போய்ச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமண வீட்டில் வடிகட்டாத தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. கிணற்றில் இறைத்ததை இரட்டையாக மடித்த துணியில் வடிப்பார்கள். துணியில் தங்கிய உயிர்களை வடித்த நீரால் அலசி, வாளியை நீர்மட்டம்வரை இறக்கி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவார்கள். மேலிருந்து கொட்டினால் அடிபட்டுச் சாகும். கல்யாணமாகி வந்த நாளாக அது குணமதியின் வேலை.

ஆடி மாதம் துணியில் புழுக்களைப் பார்த்தாள். கிண்ணத்தில் விட்டபோது அவை தலைகீழாகத் தொங்கவில்லை. நீரின் மேலேயே தட்டையாகப் படுத்தன. எந்தக் கொசுவின் புழு என்று தெரியும். அது என்ன நோயைக் கொண்டுவரும் என்றும் தெரியும். மாமியார் மருதேவியிடம் சொல்லப் போனவள், பி.எஸ்ஸி. படித்த திமிர் என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டாள். அலசினாள். வாளியை இறக்கினாள். ஒவ்வொரு நாளும், ஒன்றுகூடச் சாகாமல்.

ஐப்பசியில் ஏழு மாதக் கைக்குழந்தை பாலு மலேரியாவில் போனான்.

இப்போது ஜெயந்திமாலாவுக்குக் குளிர்சுரம். சுகாதாரத் துறையின் சகாதேவன் வந்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போய், மறுநாள் மாத்திரையோடும் ஒரு தகரடப்பாவோடும் வந்தார். டப்பாவுக்குள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள்.

"இத கெணத்துல வுட்டுடும்மா. பத்து நாள்ல புழு பூரா காலி. மருந்தடிக்க ஆளில்ல, தீபத்துக்கு எல்லாரையும் கோயிலாண்ட இழுத்துக்கினாங்க."

"பாப்பாவுக்கு?"

"மாத்திரைக்குக் கேக்கும். திரும்பத் திரும்பக் கடி வாங்குனா இந்த ஒடம்பு தாங்காது. படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா."

மருதேவி நிலைப்படியிலிருந்து கேட்டாள். "ஏன் சகாதேவா, நீ வாங்குற சம்பளத்துக்கு எங்க தலையில பாவமா?"

"மீன் வயித்துக்குத் திங்குது பெரியம்மா. உங்கள மாதிரி விரதம் இருக்க அதுக்குத் தெரியுமா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டப்பா சாயங்காலம்வரை கிணற்றடியில் இருந்தது. குணமதியால் அதன் பக்கம் போக முடியவில்லை. பாவம் என்று அவள் நினைக்கவில்லை. வேறு கணக்கு ஓடியது. குடித்த ரத்தத்தால்தான் கொசு முட்டை கட்டும். அந்த முட்டைகள் இந்தக் கிணற்றில்தான் விழுந்திருக்கும். கடைசி வாரம் முழுவதும் அவை குடித்தது அவனை. அவனுடைய உடம்பில் மிச்சம் இருப்பது அங்கேதான்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தார்கள். ஜெயந்திமாலா ஒரு வாய்கூட வாங்கவில்லை. இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. மருதேவி பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்கறது இது ஒண்ணுதான். செய்யறத செய். நான் பாக்கல."

"சரிங்க அத்த."

மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மழையில் கிணறு நிறைந்து, தண்ணீர் கைக்கு எட்டும் போல மேலே வந்திருந்தது. வாளியில் மீன்களைக் கவிழ்த்தாள். அப்போது ரீங்காரம் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கொசுவின் மெல்லிய கம்பிச் சத்தம் இல்லை. விட்டு விட்டு, தொண்டைக்குள்ளேயே, பால் குடித்து முடித்த பிள்ளை தூக்கத்துக்கு முன்னால் முனகுவது போல.

ம்ம். ம்ம்.

வாளியை இறக்கினாள். மெல்ல. நீரைத் தொட்டு நின்றது. அடியில் கட்டிய சிறு கயிற்றைச் சுண்டினால் கவிழ்ந்துவிடும்.

நீரின் மேல் புழுக்கள் நகர்ந்தன. ஓரத்தில் இருந்தவையெல்லாம் நடுவுக்கு வந்தன. பக்கத்தில் பக்கத்தில் படுத்தன. ஒரு வளைவு. நெற்றி. சப்பை மூக்கு. மூடிய இரண்டு இமைகள்.

முனகல் நின்றது.

இமைகள் திறந்தன. உள்ளே கறுப்பு நீர். அது அவளை அடையாளம் கண்டது. கன்னம் மேலேறியது. சிரித்தது.

"பாலு," என்றாள்.

கயிற்றை இப்போதே மேலே இழுத்துவிடலாம். மீன்களைச் சகாதேவனிடமே கொடுத்துவிடலாம். தினமும் சாயங்காலம் இங்கே வந்து நிற்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

வீட்டுக்குள் ஜெயந்திமாலா, "அம்மா, குளுருது," என்றாள்.

குணமதி சிறு கயிற்றைச் சுண்டினாள்.

வாளி கவிழ்ந்தது. மீன்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு வாசனை பிடித்தவை போல நேராகப் போயின. உதடு பிதுங்கியது. அழுகை தொடங்கியது. வீறிடும் அழுகை, கிணற்றுச் சுவரில் மோதி மோதி ஏறியது. வீட்டுக்குள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மீன்கள் கன்னத்தில் ஆரம்பித்தன. சின்னச் சின்ன வாய்கள். நீரைக் கிள்ளும் சத்தம். மூக்கு போயிற்று. உதடு போனதும் அழுகை அறுந்தது.

கண்கள் மட்டும் இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டு.