ஐஸ் டப்பாவில் ஆறு எலி

"ஐயோ... மாதாவே...!"

காலை ஏழு மணி. தேங்காய்ப்பட்டணம். அந்த வீட்டின் பின்புற ஷெட்டிலிருந்து கிளம்பிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயா கிளாஸோடு ஓடி வந்தார்கள்.

ஷெட் வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தாள் மரியஜான். கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது.

உள்ளே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் அவள் மகன் ரிஜோ முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் நாலடி வெளிநாட்டு மலைப்பாம்பு. அதற்கு முன்னால்...

அது கக்கிப் போட்ட எலி!

பாதி கரைந்து, முடி உதிர்ந்து, கொழகொழவென்று... வேண்டாம், விடுங்கள். நீங்கள் இப்போதுதான் சாப்பிட்டிருப்பீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எலியின் வயிற்றிலிருந்து தங்கச் செயின் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது!

எட்டு மணிக்கு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் இன்ஸ்பெக்டர் சகாயசெல்வி. அவளும் கடற்கரைக்காரிதான். அடுத்து ஏட்டு தாணுலிங்கம். இரணியல்காரர். முட்டைக் கடையைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற சுத்த சைவம்.

கடைசியாக ரிஜோ. ஷார்ஜா வேலையை உதறிவிட்டு வந்த இருபத்தெட்டு வயசுக்காரன். நேற்றிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறான்.

விஷயம் இதுதான்.

ரிஜோவின் தங்கை அபினாவுக்கு வரும் திங்கட்கிழமை கல்யாணம். கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றையும் மாதா கோவிலில் வாசித்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், பீரோவில் கல்யாண நகை முழுவதும் மாயம்! பூட்டு உடையவில்லை. அன்று பூசைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தவன் ரிஜோ.

இன்று மதியம் அவனைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஜெயிலா, வீடா... அது இன்னும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"நான் அண்ணைக்கே சொன்னேனா இல்லியா?" கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் வேளாங்கண்ணி. மாப்பிள்ளை லிபினின் அம்மா. போலீசுக்குப் போயே ஆக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள். "பாம்பு வளக்குகவன் என்னதான் செய்யமாட்டான்? சவத்துப் பய!"

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா," என்ற சகாயசெல்வி ரிஜோ பக்கம் திரும்பினாள். "இந்த எலியெல்லாம் எங்கலே வெச்சிருக்க?"

"ஃப்ரீசர்ல மேடம்."

மூலையில் பெரிய வெள்ளை ஃப்ரீசர். சகாயசெல்வி மூடியைத் தூக்கினாள்.

வரிசை வரிசையாகப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை எலி. விறைத்த வால். பாதி மூடிய சிவப்புக் கண். சில பாக்கெட்டுகளில் முடிகூட முளைக்காத பிஞ்சு எலிகள், ரோஸ் கலரில்...

"உவ்வே...!"

தாணுலிங்கம் தென்னை மரத்தைப் பார்த்து ஓடினார்.

"இதெல்லாம் என்னலே? எழவு வீடா?" என்றாள் சகாயசெல்வி. "சமையலறை ஃப்ரிட்ஜிலயும் வெச்சிருக்கியா?"

"சீச்சீ! சாப்பாட்டுச் சாமானுக்க கூட எலியை வைக்கவே பிடாது மேடம். உறைஞ்சாலும் கிருமி சாவாது. அதாக்கும் தனி ஃப்ரீசர். காத்து போவாத கவர்ல ஒண்ணு ஒண்ணா போட்டு, தேதி எழுதி, பழையதை முதல்ல எடுக்கணும்."

"எடுத்து அப்படியே போடுவியா?"

"இல்ல மேடம். முந்தின நாளே எடுத்து, எலிக்குண்ணே வாங்குன சின்ன ஃப்ரிட்ஜில பைய உருக விடணும். பெறவு கவரோட சூடு வெள்ளத்துல முக்கணும். கொதிக்க வெள்ளம் பிடாது. மைக்ரோவேவ்ல வெச்சா வெடிச்சிரும்."

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்த தாணுலிங்கம் நின்றார்.

"எ... எது வெடிக்கும்?"

"எலி சார்."

மறுபடியும் தென்னை மரம்!

"கையுறை போடணும். நீட்டு இடுக்கியில பிடிச்சுக் குடுக்கணும். முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஒருக்கா உருகினதைத் திரும்ப உறைய வைக்கப்பிடாது மேடம். இதுல ஒண்ணு தப்பினாலும் பாம்பு கக்கிரும்."

"இப்ப கக்கியிருக்கே!"

ரிஜோ அம்மாவைப் பார்த்தான்.

மரியஜான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"நீ ஸ்டேஷனுக்குப் போவும்போ பாம்புக்குத் தீனி குடுக்கச் சொன்னியே மக்கா... கவர்ல எல்லாம் இங்கிலீசுல எழுதியிருக்கு. எனக்கு என்ன தெரியும்? அடியில ஒரு ஐஸ்கிரீம் டப்பா கெடந்து. நம்ம மீன் டப்பா மாதிரி. அதுல கொதிக்க வெள்ளத்தை ஊத்தி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைப் பிடுங்கிப் போட்டேன். மிச்சத்தைத் திரும்ப வெச்சிட்டேன்."

"அம்மா! கொல்லப் பாத்தியே! அதுக்கு இனி ரெண்டு வாரம் ஒண்ணும் குடுக்கப்பிடாது!" என்று கத்திய ரிஜோ சட்டென்று நிறுத்தினான். "டப்பாவா...? நான் டப்பால எலி வைக்கவே மாட்டேனே?"

சகாயசெல்வி கையுறையை மாட்டிக்கொண்டு ஃப்ரீசரின் அடியைத் துழாவினாள்.

டப்பா வந்தது.

உள்ளே ஒரே ஐஸ் பாளம். பாளத்துக்குள் ஐந்து பெரிய எலிகள், தலையும் வாலும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டு! ஆறாவது இருந்த இடத்தில் குழி.

ரிஜோ எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

அடுத்த நொடி...

"நான்தான் எடுத்தேன் மேடம்! நகையை நான்தான் ஒளிச்சு வெச்சேன்! கொண்டுபோங்க என்ன!"

"ஏலே மக்கா...!" மரியஜான் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டியளா! அவனே சொல்லியாச்சு!" வேளாங்கண்ணி குதித்தாள்.

சகாயசெல்வி டப்பாவைக் கவிழ்த்தாள். பாளத்தைத் தரையில் தட்டி உடைத்தாள். ஓர் எலியைப் புரட்டினாள்.

கழுத்திலிருந்து வால் வரை நேர்க்கோடாக ஒரு கீறல். உள்ளே குடல் இல்லை. ரத்தம் இல்லை. வெள்ளை வெளேரென்று கழுவிய வயிறு. அதற்குள் சுருட்டி வைத்த நெக்லஸ்.

அடுத்ததில் மோதிரங்கள். அடுத்ததில் கம்மல். எலிக்குள் அடங்காத வளையல்கள் டப்பாவின் அடியில் ஐஸோடு ஐஸாகக் கிடந்தன.

எலியின் ஈரமுடி ஒட்டிய கல்யாண நகை! நினைத்தாலே குமட்டுகிறது.

"ரிஜோ..." சகாயசெல்வி நிமிர்ந்தாள். "பாம்பு முழு எலியைத்தானே திங்கும்?"

"ஆ... ஆமா."

"பெறவு நீ எதுக்குக் குடலை எடுத்தா?"

அவன் எலியைப் பார்த்தான்.

"எதுக்கு வெள்ளம் ஊத்தி உறைய வெச்சா?"

"அது... சும்மா..."

"பொய் சொல்லாதலே! வயித்தைக் கீறி, குடலை வழிச்சு, நாலு வெள்ளத்துல கழுவி, டப்பால அடுக்கி, மேல வெள்ளம் ஊத்தி வைக்கது யாரு? மீன் கழுவின கையாக்கும் இது! எனக்க வீட்டு ஃப்ரீசர்ல நெய்மீன் இப்படித்தான் கெடக்கு. எலியானாலும் கை பழக்கம் விடேல!" அவள் மரியஜானைப் பார்த்தாள். "இந்த வீட்டுல மீன் கழுவுகது யாரு?"

"கல்யாணம் ஆகப்போற பிள்ளை பழகட்டும்ணு ஒரு மாசமா அபினா..."

மரியஜான் பாதியில் நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

பின்கதவில் அபினா நின்றிருந்தாள். இருபத்து நாலு வயது. அழுது வீங்கிய கண்கள்.

"அண்ணனை விட்டுருங்க மேடம். நானாக்கும் செஞ்சேன்."

"ஏட்டி! உனக்கு உள்ள நகையை நீயே எதுக்குட்டி எடுத்தா?"

"இந்த மாப்பிள்ளை வீட்டுக்காரவியளுக்கு நான் வேணுமா, நகை வேணுமாண்ணு பாக்கணும்ணு தோணிச்சு மேடம். வீட்டுக்கு வரும்போ எல்லாம் எனக்க கழுத்தைத்தான் பாப்பாவ. ஒருக்காகூட முகத்தைப் பாத்ததில்ல. நகை இல்லேண்ணு ஆனா என்ன சொல்லுவாவண்ணு பாத்துட்டு எடுத்துக் குடுத்துரலாம்ணு இருந்தேன். அந்த ஃப்ரீசரை அண்ணனைத் தவிர யாரும் தொடமாட்டாவ. அவனும் அடியில உள்ளதை அடுத்த மாசம்தான் எடுப்பான்."

"அவனைப் பிடிச்ச உடனே சொல்லியிருக்கலாம்லா?"

"நகையை முதல்ல பீரோல வெச்சிட்டுச் சொல்லலாம்ணு பாத்தேன். அம்மை ஷெட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டா. பயந்து போனேன் மேடம். அண்ணன் அண்ணைக்குப் பூசைக்கு வராம இருப்பான்ணு நான் நெனைக்கவே இல்ல..."

"லூசு! மீன் மாதிரி அடுக்கினதைப் பாத்ததும் நீதான்ணு எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றான் ரிஜோ. அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். "எலியைக் கையுறை போட்டுத்தானே தொட்டா? சோப்புப் போட்டியா?"

அந்த நேரத்தில்தான்...

கண்ணாடிப் பெட்டிப் பக்கம் ஏதோ சத்தம்!

வேளாங்கண்ணி!

எல்லோரும் அபினாவையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் பெட்டிக் கதவைத் தள்ளி, பாம்பு கக்கிய கூழுக்குள் வெறுங்கையை விட்டு, செயினை உருவி எடுத்துவிட்டாள்!

"மாமி! கையுறை போடாம தொடாதீங்க! கிருமி இருக்கும்!" ரிஜோ அலறினான்.

அவள் காதில் விழுந்தால்தானே? செயினைச் சேலையில் ஒரு துடைப்பு. கையில் வைத்து எடை பார்த்தாள். பிறகு...

வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்!

எலிகளைக் கையால் புரட்டிய சகாயசெல்வி, இப்போது முதல் முறையாக வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அசல் தங்கம்தான்," என்றாள் வேளாங்கண்ணி திருப்தியாக. "நாத்தத்துக்கு என்ன, கழுவினா போவும். எல்லாம் கிடைச்சாச்சுல்லா? திங்கட்கிழமை கல்யாணத்தை ஜாம்ஜாம்ணு நடத்திரலாம்! ஏட்டி அபினா, மிச்ச எலியில உள்ளதையும் எடுடி!"

அபினா அவளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிய வேண்டியது தெரிஞ்சாச்சு. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"ஏய்! மூணு ஓலை வாசிச்சாச்சு!"

மரியஜான் மெதுவாக எழுந்தாள். நேராகப் போனாள். வேளாங்கண்ணி கையிலிருந்து செயினைப் பிடுங்கினாள்.

"முப்பது ஓலை வாசிச்சாலும் நடக்காது. எனக்க பிள்ளையை உங்க வீட்டுக்கு அனுப்புகதுக்குப் பதிலா, அந்தப் பாம்புக்க பெட்டியில படுக்க வைப்பேன். இறங்குங்க வெளிய!"

வேளாங்கண்ணி வாயைத் திறந்தாள். சுற்றி நின்ற ஊரே அவள் வாயைப் பார்த்து முகத்தைச் சுளித்ததும், மூடிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"வீட்டு நகையை வீட்டுப் பிள்ளையே எடுத்து வெச்சதுக்குப் பேரு திருட்டு இல்ல," என்றாள் திரும்பி வந்த சகாயசெல்வி. "வேலை மெனக்கெடுத்தது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரிஜோ, நீ வீட்டுலயே இரு."

ரிஜோ அத்தனை பேரையும் குழாயடிக்கு விரட்டினான். ஆளுக்கொரு சோப்பு.

தாணுலிங்கம் மட்டும் கழுவி முடித்தும் நகரவில்லை. முகம் இன்னும் கோணியே இருந்தது.

"என்ன ஏட்டு, கை சுத்தமாகலியா?" என்றாள் சகாயசெல்வி.

"கை சுத்தமாயிட்டு மேடம். ரெண்டு நாளா ஸ்டேஷனுக்கு வந்த வேளாங்கண்ணியம்மாவை 'வாங்க, இருங்க, சாயா குடிங்க'ண்ணு கூப்பிட்டு உபசரிச்சேனே... இந்த வாயை எதைப் போட்டுக் கழுவ?"